கர்ப்பப்பையை எடுக்காமல் உள்சவ்வை மட்டும் சுட்டு அழித்தால் போதுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். வயது 41. இரண்டு பிரசவமும் சிசேரியன், இரண்டாவதோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் ஆகிவிட்டது. இரண்டு வருடமாக மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் நீள்கிறது. முதல் மூன்று நாள் மணிக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது. வலியும் கடுமை, மாத்திரை எடுத்தும் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் 'பல்க்கி யூட்ரஸ்' என்று எழுதியிருக்கிறார்கள், ஃபைப்ராய்டு கட்டி எதுவும் இல்லை. ஒரு மருத்துவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் உள்சவ்வை மட்டும் சுட்டுவிட்டால் போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார். 'எது சரி' என்று முடித்திருக்கிறீர்கள். வரிகளுக்கு இடையில் இருக்கும் கேள்வி வேறு: சின்ன சிகிச்சையைச் செய்துகொண்டால் பெரிய ஆபரேஷனிலிருந்து கடைசிவரை தப்பிவிடலாமா, இல்லை நாலைந்து வருடத்தில் மறுபடி அதே மேஜையில் படுக்க வேண்டிவருமா? அதற்கே பதில் எழுதுகிறேன்.

உள்சவ்வைச் சுட்டு அழிக்கும் இந்த முறைக்கு எண்டோமெட்ரியல் அப்லேஷன் என்று பெயர். நல்ல சிகிச்சை. பொருத்தமான பெண்ணுக்குச் செய்தால், மாதத்தில் பத்து நாளை இழந்துகொண்டிருந்தவருக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது மாதவிடாய் தானாக நிற்கும் வயதுவரை நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாலம் மாதிரி. பாலம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது உங்கள் வயதைப் பொறுத்தது. மாதவிடாய் நிற்கும் வயது பெரும்பாலோருக்கு 45-க்கும் 55-க்கும் இடையில். 48 வயதில் அப்லேஷன் செய்துகொள்பவருக்கு அது சில வருடம் தாங்கினால் போதும். 41 வயதில் செய்துகொள்பவருக்குப் பத்து வருடம்கூடத் தாங்க வேண்டியிருக்கும். முடிவைத் தீர்மானிப்பதில் எந்தக் கருவி என்பதைவிட இந்தக் கணக்குக்குப் பங்கு அதிகம்.

ஏன் அப்படி என்பதற்குக் கர்ப்பப்பையின் உட்புறத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் சவ்வுக்கு இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். கீழடுக்கு உதிராது. அடுத்த மாதத்துக்கான மேலடுக்கு முளைப்பது அதிலிருந்துதான். அந்தக் கீழடுக்கின் சுரப்பிகள் நேர்கோட்டில் நிற்பதில்லை, தசைக்குள் அங்கங்கே வேர்விட்டது போல இறங்கியிருக்கும். பலரும் செய்துகொள்கிற, சவ்வைச் சுரண்டி எடுக்கும் டி.என்.சி. புல்லை மேலோடு அறுப்பது மாதிரி, ஓரிரு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால் அதை அதிக ரத்தப்போக்குக்கான சிகிச்சையாக இப்போதைய வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. அப்லேஷன் வேரைக் கருக்கப் பார்க்கிறது. சவ்வோடு சேர்த்து அதன் கீழே இருக்கும் தசையிலும் கொஞ்சம், மொத்தமாக 4 முதல் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அழிந்தால்தான் சவ்வு மறுபடி முளைக்காது. இதே சவ்வு மாதவிடாய் முடிந்த கையோடு 2, 3 மி.மீ. தடிமன்தான் இருக்கும், அடுத்த மாதவிடாய்க்கு முன் 10 மி.மீ.யையும் தாண்டும். தடித்த நாளில் சூடு கொடுத்தால் மேலே மட்டும் வெந்து, வேர் தப்பிவிடும். அதனால்தான் மாதவிடாய் முடிந்தவுடன் நாள் குறிப்பார்கள், அல்லது சில வாரம் முன்பிருந்து சவ்வை மெலிய வைக்கும் ஹார்மோன் மருந்து கொடுப்பார்கள். ரேடியோ அலை முறைக்கு மட்டும் இந்த முன்தயாரிப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

அப்லேஷனுக்கு முன்னால் கட்டாயம் நடந்திருக்க வேண்டியது சவ்விலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது, அதாவது பயாப்ஸி. பென்சிலைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக விட்டு உறிஞ்சி எடுப்பார்கள், சில நிமிட வேலை, மாதவிடாய் வலி போல ஒரு பிடிப்பு இருக்கும். புற்றுநோயோ, புற்றுநோய்க்கு முந்தைய தடிப்போ இருக்கும் சவ்வைச் சுட்டுவிட்டால், நோய் தழும்புக்கு அடியில் மறைந்துகொள்ளும், பிறகு துண்டு எடுத்துப் பார்க்கவும் வழி இருக்காது. பயாப்ஸி இல்லாமல் அப்லேஷனுக்கு நாள் கொடுத்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே நிறுத்திக் கேளுங்கள். கூடவே யோனி வழி ஸ்கேன், தைராய்டு பரிசோதனை வேண்டுமா என்ற யோசனை, உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகப்போக்கு, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் வருவது, குடும்பத்தில் வேறு யாருக்காவது அப்படி இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடமாகத்தான் என்பதால் அது முதல் சந்தேகம் ஆகாது.

இது சிலருக்குக் கூடவே கூடாது. இனி ஒரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் கூடாது. கர்ப்பப்பையில் அல்லது குழாய்களில் தொற்று இருக்கும்போது, காப்பர்-டி உள்ளே இருக்கும்போது, மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு வரும் ரத்தப்போக்குக்கு, எதற்கும் கூடாது. கர்ப்பப்பையின் மேல்பகுதியை நெடுக்காகக் கீறிச் செய்த சிசேரியன், சுவரின் முழுத் தடிமனையும் வெட்டிக் கட்டியை எடுத்த ஆபரேஷன், இவை ஆனவர்களுக்குச் சுவர் அந்த இடத்தில் மெலிந்திருக்கும், சூடு அதைத் தாண்டிக் குடலைத் தொடக்கூடும். வழக்கமான, கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் சிசேரியன் தடை இல்லை. ஆனால் இரண்டு முறை ஆகியிருக்கும் உங்களைப் போன்றவருக்குத் தழும்பு இருக்கும் இடத்தில் சுவர் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று ஸ்கேனில் அளந்து எழுதச் சொல்ல வேண்டும். உடல் பருமனோடு மாதவிடாய் தள்ளித் தள்ளி வருபவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கான டமோக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள், குடும்பத்தில் பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் பரம்பரையாக வருபவர்கள், இவர்களுக்குப் பின்னாளில் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். சவ்வைப் பார்க்கும் வழியை அடைத்துவிடுகிற சிகிச்சையை இவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது.

முறைகளைப் பற்றி. முதலில் வந்தவை, உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே மின்கம்பி வளையத்தால் சவ்வைச் சீவி எடுப்பது, அல்லது உருளும் மின்குண்டால் சுட்டுக்கொண்டே போவது. கைதேர்ந்தவர் செய்தால் பலன் நன்றாக இருக்கும், வழியில் இருக்கும் சிறு கட்டியையும் கையோடு எடுத்துவிடலாம். ஆபத்து, கர்ப்பப்பையை விரித்துப் பிடிக்க உள்ளே ஓடவிடும் திரவத்தில் இருக்கிறது. வெட்டிய ரத்தக் குழாய்கள் வழியாக அது உடலுக்குள் போகும். பழைய மின்கருவிகளுக்குப் பயன்படும் கிளைசின் திரவம் 1 லிட்டர் அளவுக்கு உடலில் தங்கிவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கக்கூடும். அந்த அளவு வந்ததும் வேலையை நிறுத்திவிட வேண்டும். உப்புநீரில் இயங்கும் புதிய கருவிகளில் 2.5 லிட்டர் வரை அனுமதி உண்டு. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று ஒருவர் தொடர்ந்து கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு வந்த கருவிகள் கண்ணால் பார்க்காமலே மொத்தச் சவ்வையும் ஒரே நேரத்தில் சுடுபவை. 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தெர்மாசாய்ஸ் என்ற பலூன், கர்ப்பப்பைக்குள் விரிந்து, 87 டிகிரி செல்சியஸ் சூட்டில் 8 நிமிடம் இருக்கும். அந்தப் பெயரில் இப்போது விற்பனையில் இல்லை, அதே தத்துவத்தில் வேறு பலூன்கள் உண்டு. 90 டிகிரி உப்புநீரை 10 நிமிடம் உள்ளே சுற்றவிடும் முறை இருக்கிறது, உட்புறம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தண்ணீர் போய்ச் சேரும் என்பது அதன் பலம், கர்ப்பப்பை வாய் வழியாகக் கசிந்தால் யோனி வெந்துவிடும் என்பது பலவீனம். உறைய வைத்து அழிக்கும் முறைகளும் இருக்கின்றன. பரவலாகப் பயன்படுவது நோவாஷூர் என்ற ரேடியோ அலைக் கருவி. 'சுட்டுவிடலாம்' என்று உங்களிடம் சொன்னவர் இதையோ பலூனையோ நினைத்திருக்கலாம். எந்த முறை, அவர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பதில் தவறே இல்லை.

நோவாஷூரை எடுத்துக்கொண்டால் மேஜையில் நடப்பது இது. மயக்கம் கொடுத்தோ, கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டோ செய்யலாம். முதலில் கேமரா விட்டு உள்ளே பார்ப்பார்கள். அளவுக்கம்பியால் கர்ப்பப்பையின் நீளத்தை அளப்பார்கள், மொத்தம் 6 முதல் 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாயை ஏறத்தாழ 6 முதல் 8 மி.மீ. வரை விரித்து, மடங்கிய நிலையில் கருவியை உள்ளே விடுவார்கள். உள்ளே போனதும் அது விரிந்து, பொன்முலாம் பூசிய மெல்லிய வலை ஒன்று முக்கோணமாகச் சுவரோடு ஒட்டி நிற்கும். அகலம் 2.5 செ.மீ.க்குக் குறைவாகக் காட்டினால் வலை சரியாக விரியவில்லை என்று பொருள், மேலே போகக்கூடாது. அடுத்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை உள்ளே செலுத்தி அழுத்தம் நிற்கிறதா என்று கருவியே பார்க்கும். சுவரில் ஓட்டை இருந்தால் அழுத்தம் நிற்காது, கருவி மின்சாரம் கொடுக்காது. நின்றால், ரேடியோ அலை பாயும், சவ்வு ஆவியாகும், ஆவியையும் ஈரத்தையும் கருவி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தசை வரை போனதும் மின்தடை 50 ஓமுக்கு ஏறி, கருவி தானாக நின்றுவிடும். பெரும்பாலும் ஒன்றரை நிமிடம், எப்படியும் 2 நிமிடத்துக்கு மேல் போகாது.

இதில் தவறு நடப்பது எங்கே என்றால், மின்சாரம் பாயும் முன்பே. கர்ப்பப்பை வாயை விரிக்கும்போது கம்பி வழி தவறித் தசைக்குள் புகுவது, பின்பக்கம் சாய்ந்திருக்கும் கர்ப்பப்பையில் முன்சுவரைக் குத்திவிடுவது, சிசேரியன் தழும்பின் வழியே வெளியே போய்விடுவது. வெறும் ஓட்டை மட்டும் என்றால் கண்காணிப்பில் வைத்தால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஓட்டை இருப்பது தெரியாமல் சூடு கொடுத்தால்தான் குடல் வெந்துபோகிறது. அரிதானது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது. வாயுச் சோதனையில் கருவி மறுத்தால், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப முயல்வதைவிடக் கேமரா விட்டுப் பார்ப்பதும், சந்தேகம் தீராவிட்டால் அன்று கைவிடுவதும்தான் சரி. 'முடியவில்லை, நிறுத்திவிட்டேன்' என்று ஒரு மருத்துவர் வெளியே வந்து சொன்னால் அவர்மேல் கோபப்படாதீர்கள், அவர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

வீடு திரும்பிய முதல் நாள் அடிவயிறு முறுக்கிப் பிடிக்கும். வலி மாத்திரைக்குக் கட்டுப்பட்டு, மறுநாளுக்குள் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம் இளஞ்சிவப்பாகவோ தண்ணீராகவோ கசிவு இருக்கும், வெந்த சவ்வு கழன்று வருவதுதான் அது. கசிவு நிற்கும் வரை தாம்பத்தியமும் டாம்பானும் வேண்டாம், நாப்கின் போதும். நாட்கள் போகப் போக வலி குறைவதற்குப் பதிலாகக் கூடுவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பி இறுகுவது, நாற்றமடிக்கும் கசிவு, இவை வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. குடலில் பட்ட சூடு உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் துளை விழும். 'அப்லேஷன் ஆகி நாலாவது நாள்' என்று முதல் வாக்கியத்திலேயே அவசரப் பிரிவில் சொல்லுங்கள்.

பலனை உடனே எடைபோடக் கூடாது. முதல் இரண்டு, மூன்று சுழற்சி தாறுமாறாக இருக்கலாம், குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் உண்மையான நிலை தெரியும். ரேடியோ அலை முறையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை மாதவிடாய் அறவே நின்றுவிடுகிறது, பலூனில் இது குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்குகிறது. மொத்தத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் திருப்தி என்கிறார்கள். அதனால் 'போக்கு குறையும்' என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் அரிது. 'நின்றே விடும்' என்று வாக்குறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

இவை ஓரிரு வருடக் கணக்கு. நீண்டகாலக் கணக்குதான் உங்கள் கேள்வி. அமெரிக்காவில் அப்லேஷன் செய்துகொண்ட 3,600-க்கும் மேற்பட்ட பெண்களை 8 வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2008-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிறகு கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. வயது குறையக் குறைய அந்த விகிதம் ஏறியது, 40 வயதோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு 40 சதவீதத்தையும் தாண்டியது. 45-ஐக் கடந்தவர்களுக்குப் பலன் நன்றாக நிலைத்தது. வயது தவிர வேறு மூன்று விஷயங்களும் தோல்வியோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வருகின்றன: முன்பிருந்தே கடுமையான மாதவிடாய் வலி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆகியிருப்பது, உள்சவ்வின் திசு தசைக்குள் புகுந்திருக்கும் அடினோமையோசிஸ். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறுத்தியது, இவற்றில் இரண்டு உங்களிடம் நிச்சயமாக இருக்கின்றன, மூன்றாவது இருக்கலாம் என்பதுதான்.

வலியும் குழாயைக் கட்டியிருப்பதும் ஏன் குறுக்கே வருகின்றன என்று சொல்கிறேன். அப்லேஷனுக்குப் பிறகு கர்ப்பப்பையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்குகிறது, சில இடங்களில் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சவ்வு தப்பிப் பிழைக்கும் இடம் பெரும்பாலும் மேலே, இரண்டு குழாய்களும் தொடங்கும் மூலைகள், ஏனென்றால் கருவியின் விளிம்பு அந்தக் கோணத்தில் சரியாகப் பதிவதில்லை. கருமுட்டைப் பைகளுக்கு எதுவும் ஆகவில்லையே, ஹார்மோன் வழக்கம் போல வருகிறது, மூலையில் மிஞ்சிய சவ்வும் மாதாமாதம் உதிர்கிறது. கீழே தழும்பு அடைத்திருப்பதால் ரத்தம் இறங்க வழியில்லை. மேலே குழாய் கட்டப்பட்டிருப்பதால் அந்தப் பக்கமும் வழியில்லை. கட்டுக்கும் கர்ப்பப்பைக்கும் இடைப்பட்ட குழாய்த் துண்டு ரத்தத்தால் உப்புகிறது. வெளியே துளி ரத்தம் இல்லாமல், மாதம் ஒருமுறை ஒரு பக்கமோ இரு பக்கமோ குத்திப் பிடுங்கும் வலி வரும். 1993-ல் இதைத் தனி நோய்க்குறியாகவே விவரித்தார்கள். எல்லோருக்கும் வராது, சிறு பகுதியினருக்குத்தான் வரும், வந்தால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான். வலி இல்லாத நாளில் ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகும். வலி இருக்கும் நாளிலேயே எடுக்க வேண்டும், தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. 'பீரியட்ஸே இல்லை, பிறகென்ன மாதவிடாய் வலி' என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய அநியாயம்.

அடினோமையோசிஸ் என்பது உள்சவ்வின் திசு கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே போய்க் குடியேறியிருப்பது. மாதாமாதம் தசைக்குள் ரத்தம் கசிந்து, கர்ப்பப்பை வீங்கி, போக்கும் வலியும் சேர்ந்து வரும். ஸ்கேனில் 'பல்க்கி' என்பது நோயின் பெயர் இல்லை, அளவு பெரிது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. பிரசவமானவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆனால் 41 வயதில் கடும் வலியும் பெரும்போக்கும் கூட இருக்கும்போது அந்த ஒரு சொல்லோடு விட்டுவிட முடியாது. சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கிறதா, தசைக்குள் சிறு நீர்க்குமிழிகள் தெரிகின்றனவா, சவ்வுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கும் கோடு மங்கியிருக்கிறதா என்று குறிப்பாகப் பார்த்து எழுதச் சொல்லி யோனி வழி ஸ்கேனை மறுபடி எடுங்கள். ஆழமான அடினோமையோசிஸ் இருந்தால் 4, 6 மி.மீ. சூடு அதைத் தொடாது, மேலே தழும்பு மூடிக்கொண்டு வலி கூடவும் செய்யலாம். மேலோட்டமாக இருந்தால் அப்லேஷனுக்கு ஓரளவு கட்டுப்படும். எந்த வகை என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும், உங்கள் எழுத்தை மட்டும் வைத்து நான் சொன்னால் அது ஊகம்.

இரண்டு மருத்துவர்களும் சொன்னதாக நீங்கள் எழுதியதில் ஒரு வழி விட்டுப்போயிருக்கிறது. காப்பர்-டி வடிவிலேயே இருக்கும் ஹார்மோன் சாதனம், மிரேனா என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கும், தொடக்கத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் அளவில் நேரே சவ்விலேயே கசிந்து அதை மெலிய வைக்கும். போக்கு மிகப் பெரிய அளவில் குறையும், அடினோமையோசிஸ் வலியும் பலருக்குக் குறையும், சவ்வைப் பரிசோதிக்கும் வழி அடைபடாது, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரிய கட்டி இல்லாதவர்களுக்கும் அடினோமையோசிஸ் உள்ளவர்களுக்கும் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்கிறது. 2013-ல் வெளியான, 571 பெண்களைக் கொண்ட பிரிட்டன் ஆய்வில், இரண்டு வருடம் கழித்தும் இந்தச் சாதனத்தைத் தொடர்ந்தவர்கள் 64 சதவீதம், மாத்திரைகளைத் தொடர்ந்தவர்கள் 38 சதவீதம். குறையும் சொல்லிவிட வேண்டும்: முதல் மூன்று முதல் ஆறு மாதம் துளித்துளியாகக் கசிவு வந்துகொண்டே இருக்கும், அதைச் சொல்லாமல் வைத்துவிடுவதால்தான் பாதியில் எடுக்கச் சொல்கிறார்கள். கர்ப்பப்பை பெரிதாக இருந்து போக்கும் பலமாக இருந்தால் சாதனம் நழுவி வெளியே வந்துவிடுவதும் உண்டு.

மாத்திரை எடுத்தும் கேட்கவில்லை என்றீர்கள், என்ன அளவில் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. டிரானெக்ஸாமிக் ஆசிட் 500 மி.கி. மாத்திரையை நாளுக்கு இரண்டு என்று எடுத்துவிட்டுப் பலனில்லை என்று விடுபவர்கள் நிறைய. வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 கிராம், அதாவது இரண்டு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, போக்கு பலமாகத் தொடங்கும் அன்றே ஆரம்பித்து நாலு நாள் வரை. சரியாக எடுத்தால் போக்கு ஏறத்தாழ பாதியாகும். கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள் எடுக்கக் கூடாது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலிக்கு மெஃபனமிக் ஆசிட் 500 மி.கி. மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அது வேண்டாம். மருத்துவரிடம் இந்த அளவைக் காட்டிப் பேசுங்கள்.

கர்ப்பப்பையை எடுப்பதைத் தோல்வி மாதிரிப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 660 பெண்களை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், அப்லேஷனையும், லேப்ராஸ்கோப்பி மூலம் கர்ப்பப்பை வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். 15 மாதம் கழித்துத் திருப்தி என்றவர்கள் அப்லேஷனில் 87 சதவீதம், ஆபரேஷனில் 97 சதவீதம். கடுமையான சிக்கல்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு மயக்கமும் மருத்துவமனைத் தங்கலும் வேண்டும், வேலைக்குத் திரும்பவும் கூடுதல் வாரங்கள் ஆகும், இரண்டு சிசேரியன் ஆனவருக்குச் சிறுநீர்ப்பை ஒட்டியிருக்கும் வாய்ப்பும் உண்டு. எடுப்பது என்று முடிவானால் 41 வயதில் கருமுட்டைப் பைகளை விட்டுவைக்க வேண்டும், காரணமில்லாமல் அதையும் சேர்த்து எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

ஆக, நீங்கள் சொன்னதெல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில் என் வரிசை இப்படி: பயாப்ஸி, ஒழுங்கான ஸ்கேன், பிறகு ஹார்மோன் சாதனத்தை வைத்து ஆறு மாதம் பார்ப்பது. அது ஒத்துவராமல், ஸ்கேனில் அடினோமையோசிஸ் இருப்பது உறுதியானால், அப்லேஷனைத் தாண்டிக் கர்ப்பப்பையை எடுப்பதைப் பற்றி நேராகவே பேசுவேன். அடினோமையோசிஸ் இல்லை, வலி போக்கோடு மட்டும் சேர்ந்து வருவது, நீளம் 10 செ.மீ.க்குள், தழும்பின் சுவர் திடமாக இருக்கிறது என்றால் அப்லேஷன் நியாயமான தேர்வுதான், பத்து வருடத்துக்குள் மறுபடி ஆபரேஷன் ஆகும் வாய்ப்பு உங்கள் வயதில் கணிசமானது என்பதைத் தெரிந்துகொண்டே செய்யலாம். உங்கள் வயது 47 ஆக இருந்திருந்தால் இந்த வரிசையையே மாற்றி எழுதியிருப்பேன்.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஹீமோகுளோபின் 8.4 என்பதை இன்றைக்கே கவனியுங்கள், அதற்கு எந்த முடிவும் காத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை நாளுக்கு ஒன்றோ, ஒன்றுவிட்டு ஒரு நாளோ, டீ காபிக்கு ஒரு மணி நேரம் தள்ளி எடுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது சீக்கிரம் ஆபரேஷன் என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம், சில வாரத்தில் ஏறிவிடும். ஹீமோகுளோபின் 12 வந்ததும் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் நனைவது தொடர்ந்து சில மணி நேரம் நீடித்தால், எழுந்தால் தலை சுற்றினால், மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் கேட்ட மற்றவை. அப்லேஷன் புற்றுநோயை வரவழைப்பதாகச் சான்று இல்லை. ஆனால் வராமல் தடுப்பதும் இல்லை, எங்கோ ஒரு மூலையில் சவ்வு மிஞ்சியிருக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் வழக்கம்போலத் தொடர வேண்டும். உடல் எடை, தாம்பத்தியம், ஹார்மோன் எதுவும் இதனால் மாறாது. இது கருத்தடையும் ஆகாது. உங்களுக்குக் குழாய் கட்டியிருப்பதால் கவலை குறைவு, மற்றவர்கள் மாதவிடாய் நிற்கும் வயதுவரை கருத்தடை எடுத்தே ஆக வேண்டும், தழும்பேறிய கர்ப்பப்பையில் கரு தங்கினால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், நஞ்சுக்கொடி தசைக்குள் புதைந்துவிடுவது வரை போகும்.

ஒருவேளை அப்லேஷன் செய்துகொண்டால் எந்த முறை, எந்தத் தேதி, பயாப்ஸி முடிவு என்ன என்பதை எழுதி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்து உடம்பு சூடாகி வியர்த்துக் கொட்டும் காலத்தில் ஹார்மோன் மருந்து தேவைப்படலாம். 'மாதவிடாய்தான் எப்போதோ நின்றுவிட்டதே' என்று ஈஸ்ட்ரோஜனை மட்டும் எழுதிக்கொடுத்துவிடும் வாய்ப்பு அப்போது இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தவருக்குத்தான் அப்படிக் கொடுக்கலாம். உங்களுக்கு மிஞ்சிய சவ்வு உள்ளே இருக்கும், அதைக் காக்கப் புரோஜெஸ்ட்டோஜனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இருந்தால் எழுதுகிறவருக்கு இது தெரிந்துவிடும்.